மாடிக்கு வந்த இரண்டாவது தட்டு

அத்தியாயம் 14

கூடை இன்று கனத்தது.

கீழே சமையலறை ஜன்னலில் மணி அடித்ததும் லிப்ட்காரர் வழக்கம்போல மொட்டைமாடிச் சுவரோரம் வந்து கயிற்றைப் பிடித்தார். இரண்டு விரலால் சும்மா இழுத்தாலே ஏறி வந்துவிடும் கூடை அது. கப்பியின் ஒரு பக்கம் கூடை, மறுபக்கம் பழைய நட்டும் போல்டும் போட்டுக் கட்டிய பை. ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு எவ்வளவு எடையோ அவ்வளவு போல்ட்டுதான் அந்தப் பையில் போட்டிருந்தார். இன்று இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

"என்னம்மா, செங்கல்லை வேக வச்சு அனுப்பியிருக்கியா?"

"ரெண்டு தட்டு மாமா. பார்த்து இழுங்க."

"எனக்கு எதுக்கு ரெண்டு?"

"உங்களுக்கு ஒண்ணுதான். இன்னொண்ணு சாப்பிடுற ஆள் படியேறி வருது பாருங்க."

திரும்பிப் பார்த்தார். மகன் மூச்சிரைக்க வந்து நின்றான். காலை ஓட்டம் முடிந்த வேர்வை, கையில் ஒரு காகித உறை.

இந்தக் கதையை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷம் அடுத்தவன் கட்டடத்து லிப்டையெல்லாம் ஓட வைத்தவர் இவர். சொந்த வீட்டில் லிப்ட் கிடையாது. கீழே முன்பக்கம் மருமகளின் தையல் கடை, பின்பக்கம் சமையலறை. நடுத் தளத்தில் விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் மகன், மருமகள், பேத்தி குட்டி. உச்சியில் ஒற்றை அறையில் இவர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்.

எட்டு மாசத்துக்கு முன் கண்ணில் புரை எடுக்கப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு இருநூற்று அறுபத்திரண்டு. தெருமுனை டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். லிப்ட்காரருக்கு டாக்டர், மருந்துக் கடை, சோதனைக்கூடம் மூன்றும் ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறவர்கள் என்று நினைப்பு. ஒரு தடவை ஆரம்பித்தால் சாகும்வரை விட மாட்டார்கள். வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார்: "மாத்திரை கீத்திரையெல்லாம் வேண்டாம். வாயைக் கட்டினால் போதுமாம்."

"அப்போ வாயை நான் கட்டுறேன் மாமா," என்றாள் மருமகள்.

கட்டினாள். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், எண்ணெயே தெரியாத சமையல். கீழே எல்லாரோடும் உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது என்று சாப்பாட்டை மேலேயே கொண்டுவந்து கொடுத்தாள். தையல் மிஷினை மிதித்து மிதித்து அவளுக்கு முட்டிவலி. பாவம், பிள்ளை எத்தனை தடவை ஏறுவாள் என்று இவர்தான் கப்பியும் கூடையும் செய்து வைத்தார். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். கூடை வந்த நாளிலிருந்து படியேறி வர யாருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. எட்டு மாசமாகச் சுவரைப் பார்த்து மென்றுகொண்டிருக்கிறார்.

இன்றுதான் எதிரே ஒரு ஆள்.

மகன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்தான். இருக்கிற நாற்காலி ஒன்றுதான்.

"என்னடா திடீர்னு?"

"இன்னைக்கிலேருந்து உங்க பந்தியிலதான்பா எனக்கும் இடம்." உறையை நீட்டினான். "ஆபீஸ்ல வருஷா வருஷம் உடம்பைச் சோதிப்பாங்க இல்ல. எனக்கும் கொழுப்பாம்."

"உனக்கா? துணி காயப் போடுற கம்பி மாதிரி இருக்க. உனக்கு எங்கடா கொழுப்பு?"

"அதைத்தான் நானும் கேட்டேன். இருநூத்தி நாப்பத்தேழுன்னு போட்டிருக்கான். சரக்குப் பிரிவுல எல்லாரும் சிரிக்கிறாங்க. தொப்பை வச்சிருக்கிற மேனேஜருக்கு ஒண்ணுமில்ல, தினம் ஓடுற எனக்குக் கொழுப்பு."

"டாக்டர் என்ன சொன்னான்?"

"மாத்திரை எழுதினான். வாங்கிக்கூட வச்சிட்டேன். அப்புறம்தான் யோசிச்சேன், எங்க அப்பாவுக்கு இதைவிட ஜாஸ்தி இருந்துச்சு, வெறும் வேகவச்ச காயில நூத்திப் பதினெட்டுக்கு இறக்கிட்டா என் பொண்டாட்டி. உங்க ரத்தம்தானே எனக்கும் ஓடுது. உங்களுக்குச் சாப்பாடே போதும்னா எனக்கும் போதும்."

லிப்ட்காரர் வாயில் போட்ட காயை மெல்லாமல் தண்ணீர் குடித்து இறக்கினார்.

அவருக்குத்தானே தெரியும் அந்த நூற்றுப் பதினெட்டின் கதை.

லிப்ட் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சோதனை போட அதிகாரி வருகிற தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். அதற்கு முந்தின வாரம் ராப்பகலாகக் கயிற்றைத் துடைத்து, தண்டவாளத்துக்குக் கிரீஸ் பூசி, பிரேக்கை இறுக்கி வைப்பார்கள். அதிகாரி ஏறி இறங்குவார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். அதற்கப்புறம் அடுத்த சோதனைக்குத்தான் யாராவது கிரீஸ் டப்பாவைத் தேடுவார்கள். இவர் ரத்தத்துக்கும் அதே வைத்தியத்தைத்தான் செய்தார். சோதனைக்கு முந்தின ஒரு மாசம் மட்டும் ஒழுங்காக மாத்திரை போட்டார். எண் இறங்கியது. மறுநாளே நிறுத்திவிட்டார். மிச்ச அட்டைகள் கட்டிலுக்குக் கீழே காலி கிரீஸ் டப்பாவில் கிடக்கின்றன.

டாக்டரம்மா மாத்திரைதான் வேலை செய்தது என்று நினைத்துக்கொண்டார். மருமகள் தன் சமையல்தான் வேலை செய்தது என்று தெருவெல்லாம் சொன்னாள். இரண்டு பேரையும் திருப்திப்படுத்திவிட்ட சாமர்த்தியத்தில் இவர் இருந்தார்.

"என்னப்பா பேசாம இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு."

மகன் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே பேசினான். விமானத்தில் ஏற்ற வந்த குதிரை ஒன்று எடை பார்க்கிற மேடையில் ஏற மாட்டேன் என்று மல்லுக்கு நின்றதாம். கடைசியில் காவல்காரன் எதிர்ப்பக்கம் போய் நின்று ஆப்பிளைக் காட்டினானாம். குதிரை மேடை வழியாக வராமல் சுற்றிப் போய் ஆப்பிளைத் தின்றுவிட்டு அவன் தொப்பியையும் தின்றதாம். லிப்ட்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்தபோது கன்னம் வலித்தது. இந்தப் பக்கமெல்லாம் தசை இருக்கிறதே மறந்து போயிருந்தது.

மகன் கை கழுவிவிட்டு மறுபடி காலுறை மாட்டினான். குதிகாலுக்கு மேலே பின்னங்கால் நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்து நின்றது. லிப்ட்காரருக்கும் அப்படித்தான். செத்துப்போன அவர் அண்ணனுக்கும் அப்படித்தான். அண்ணனும் இவரைப்போல லிப்ட் வேலைதான். ஏணி ஏறி ஏறி வந்தது என்று வீட்டில் அதற்கு ஏணிக்கால் என்றே பேர்.

"ஏணியே ஏறாம ஏணிக்கால் வாங்கிட்டடா நீ," என்றார், எப்போதும் சொல்கிற கேலியை.

"சொத்துதான் ஒண்ணும் எழுதி வைக்கல. காலாவது கொடுத்தீங்களே." ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தான். "சாயங்காலம் வர்றேன். எனக்கு முன்னாடி சாப்பிட்டுடாதீங்க."

அவன் காலடிச் சத்தம் கீழே போய் அடங்கும்வரை லிப்ட்காரர் கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு முன்னாடி சாப்பிட்டுடாதீங்க. இப்படி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று.

சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளைக்குச் சொன்னாலும் என்ன முழுகிவிடப் போகிறது என்றும் நினைத்தார்.

*

மத்தியானத்துக்கு முன்னால் படியில் யாரோ ஏறுகிற சத்தம். நின்று நின்று ஏறுகிற சத்தம். மருமகள்.

கழுத்தில் அளவு நாடா, கையில் கடையில் வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற ஸ்டூல்.

"எதுக்கும்மா இதைத் தூக்கிட்டு ஏறுற? கூடையில வச்சா இழுத்திருப்பேனே."

"கூடை உடைஞ்சா நாளைக்கு ரெண்டு பேரும் பட்டினி." ஸ்டூலை நாற்காலிக்கு எதிரே போட்டாள். கொஞ்சம் தள்ளிப் பார்த்து, மறுபடி நகர்த்திப் போட்டாள். "உங்க பையனுக்கு. டூல்ஸ் பெட்டி மேல உட்கார்ந்தா பேன்ட் கிழியும், நான்தான் தைக்கணும்."

முட்டியைத் தேய்த்துக்கொண்டே அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எழுந்து நில்லுங்க மாமா. வந்தது வந்தேன், இடுப்பைப் பார்த்துடுறேன்."

நின்றார். நாடா சுற்றி வந்தது. இது அவளுக்கு ஒரு வேலை. எட்டு மாசமாக அவர் இடுப்பு சுருங்குவதை இவள்தான் அளந்து வருகிறாள்.

"முப்பத்தஞ்சு. முப்பத்தெட்டுல ஆரம்பிச்சோம், ஞாபகம் இருக்கா? கடைக்கு வர்ற மூணு பேர் கேட்டுட்டாங்க, உங்க மாமனாருக்கு அப்படி என்னதான் போடுறீங்கன்னு. ஒருத்தி ரவிக்கை தைக்கக் கொடுக்கிறதை விட்டுட்டு சமையல் எழுதி வாங்கிட்டுப் போறா. அவ வீட்டுக்காரருக்கும் கொழுப்பாம்."

"எழுதியா கொடுத்த?"

"ஏன், கொடுக்கக் கூடாதா? நல்லது நாலு பேருக்குப் போகட்டுமே."

லிப்ட்காரர் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார். பொய் தெருவில் இறங்கி அடுத்த வீட்டுக்குள்ளும் போய்விட்டது.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா? உங்க அண்ணன் மோட்டார் ரூம்ல நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கலன்னு சொல்வீங்களே. நாப்பத்தி மூணு வயசுல."

"ஆமா."

"உங்க பையனுக்கு நாப்பத்தொண்ணு. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கை காலெல்லாம் ஓடல. அப்புறம் நீங்க ஞாபகம் வந்தீங்க. இவரையே சரி பண்ணிட்டோம், அவரைப் பண்ண மாட்டோமான்னு நினைச்சேன். நேத்து நல்லா தூங்கினேன் மாமா." நாடாவைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். "கல்யாணம் ஆனதிலேருந்து அவர் நான் சொன்னதைக் கேட்கிறது இதான் முதல் தடவை. அதுக்கும் உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

நின்று நின்று இறங்கிப் போனாள்.

லிப்ட்காரர் ஸ்டூலைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.

*

டாக்டரம்மாவின் அறையில் ஒரு மேசை, எடை மிஷின், கால் ஆடுகிற நாற்காலி. லிப்ட்காரர் வந்ததும் அந்த நாற்காலியைக் கவிழ்த்துத் திருகாணியைக் கையால் இறுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. உங்க முறை இன்னைக்கு இல்லையே."

"எனக்கில்ல. தெரிஞ்ச பையன் ஒருத்தன். நாப்பது வயசு. கொழுப்பு இருநூத்தி நாப்பத்தேழு. ஒல்லி, தினம் ஓடுவான். மாத்திரை இல்லாம வாயைக் கட்டினா இறங்கிடுமா?"

"கொஞ்சம் இறங்கும். அவ்வளவு உசரத்துல இருக்கிறதுக்கு அது பத்தாது. எண்ணெயைக் குறைக்கிறதெல்லாம் நல்லதுதான். ஆனா நாம திங்கிறது மட்டும் கொழுப்பு இல்ல, கல்லீரலும் தயார் பண்ணுது. ரத்தத்துல சுத்துறதைத் திரும்ப உள்ள வாங்கிக்கிற வேலையும் அதுக்குத்தான். சில குடும்பத்துல அந்த வாங்கிக்கிற வாசல்ல பாதி பிறவியிலேயே இருக்காது."

லிப்ட்காரர் அதை யோசித்தார். பெரிய கட்டடம், எல்லா மாடியிலும் ஆள் இறங்க வேண்டும், பாதி மாடியில் லிப்ட் கதவு திறக்கவில்லை. கூட்டம் உள்ளேயே நிற்கும். ஏறுகிற ஆளைக் குறைத்தால் மட்டும் தீருமா.

"மாத்திரை என்ன பண்ணும்?"

"கல்லீரல் தயாரிக்கிறதைக் குறைக்கும், இருக்கிற வாசலை அதிகம் திறக்க வைக்கும். போடுற வரைக்கும்தான். நிறுத்தினா சில வாரத்துல பழைய இடத்துக்கே வந்துடும்." டாக்டரம்மா பேனாவை மூடினார். "அந்தத் தெரிஞ்ச பையன் உங்களுக்கு என்ன வேணும்?"

லிப்ட்காரர் குனிந்து நாற்காலித் திருகாணியை மறுபடி இறுக்கினார்.

"செருப்பைக் கழட்டுங்க. காலைக் காட்டுங்க."

காட்டினார். டாக்டரம்மா குனிந்து குதிகால் நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இதை முன்னாடியே நான் பார்த்திருக்கணும். எத்தனை வருஷமா இப்படி?"

"அது ஏணிக்கால்மா. வேலை செஞ்ச தடிப்பு."

"இது தடிப்பு இல்ல. கொழுப்பு. தசையை எலும்போட கட்டுற நாண்ல சேர்ந்திருக்கு. வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

ஏணியே ஏறாம ஏணிக்கால் வாங்கிட்டடா. லிப்ட்காரர் தன் காலையே வெறித்துப் பார்த்தார். எத்தனை வருஷம் பெருமையாகக் காட்டிய கால்.

"என் அண்ணனுக்கு இருந்துச்சு. நாப்பத்தி மூணுல போயிட்டாரு. உயரத்துல வேலை, பீடி வேற, அதான்னு நினைச்சோம்."

"பீடி சேர்ந்திருக்கும். மூலம் இதுதான்னு நினைக்கிறேன். பையனுக்கு?"

"இருக்கு."

"அப்போ அவர் இன்னைக்கே ஆரம்பிக்கணும். மாத்திரையால உடம்பு வலின்னா சொல்லட்டும், மாத்தித் தரலாம். பயப்பட ஒண்ணுமில்ல. நீங்க ஒழுங்கா போடுறீங்களே, உங்களுக்கு எவ்வளவு இறங்குச்சு பாருங்க."

அங்கேதான் அவருக்கு வாய் திறந்தது. கிரீஸ் டப்பா கதை முழுவதையும் சொன்னார். டாக்டரம்மா கோபப்படவில்லை.

"சோதனை எனக்காக இல்லையே. நான் கையெழுத்துப் போட்டா உங்க ரத்தக்குழாய் நம்பிடுமா?"

"சரிம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன்." லிப்ட்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் என்னோட உட்கார்ந்து என் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு, அதுக்கப்புறம் மாத்திரையை ஆரம்பிச்சா கெட்டுப் போயிடுமா?"

"எதுக்கு அந்த ஒரு வருஷம்?"

எதற்கென்று கேட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது. தலை குனிந்துகொண்டது.

"படிஞ்சது படிஞ்சதுதான் பெரியவரே. ஒரு வருஷம் படியறதை யாரும் சுரண்டி எடுக்க முடியாது. அதோட உங்களைத் தனியா சாப்பிடச் சொன்னது யாரு? உங்க மருமக சமைக்கிறதைத்தான் வீட்டுல எல்லாரும் சாப்பிடலாமே. ஒரே அடுப்பு போதும். மாத்திரை மட்டும்தான் தனி." எழுந்து கதவுவரை வந்தார். "பையனுக்குக் குழந்தைங்க உண்டா?"

"ஒரு பொண்ணு. ஒன்பது வயசு."

"அதுக்கும் ஒரு தடவை பார்த்துடணும். பாதிக்குப் பாதி வரலாம்."

*

சாயங்காலம் மணி அடித்தது. இரண்டு கையாலும் இழுத்தார். கூடையில் இரண்டு தட்டு. ஒன்றின் ஓரத்தில் நறுக்கிய பழத்தை மருமகள் வட்டமாக அடுக்கியிருந்தாள். எட்டு மாசத்தில் அவர் தட்டுக்கு அப்படி அலங்காரம் வந்ததில்லை. அந்தத் தட்டை ஸ்டூலுக்கு முன்னால் வைத்தார். வெறுங்கூடையைக் கயிற்றை இழுத்துக் கீழே இறக்க, மருமகள் அதை வழக்கம்போல ஜன்னல் கொக்கியில் மாட்டினாள்.

கட்டிலுக்கடியிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்து இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்தார்.

மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். "அட, ஸ்டூலெல்லாம் போட்டாச்சா. இது என்ன, சாப்பாட்டுக்குக் கிரீஸா?"

"திறந்து பாரு."

திறந்தான். அட்டை அட்டையாக மாத்திரை. அதே பேரில் ஒரு அட்டை அவன் பையிலும் இருந்தது.

"இது என்னோடது. எட்டு மாசத்துல ஒரு மாசம்தான் போட்டேன். சோதனைக்கு முந்தின மாசம். நூத்திப் பதினெட்டு வந்தது இதால. காயால இல்ல."

மகன் முதலில் சிரித்தான். வேடிக்கை சொல்கிறார் என்று நினைத்துவிட்டான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அதிகாரி வர்ற வாரத்துக் கிரீஸ்," என்றான்.

"ஆமா."

"அவ எட்டு மாசமா ரெண்டு அடுப்பு எரிக்கிறாப்பா. குட்டிக்குப் பிறந்த நாளுக்குக்கூட முதல்ல உங்க சாப்பாட்டை முடிச்சுட்டுத்தான் மத்ததைத் தொட்டா. முட்டிவலியோட."

"தெரியும்."

"தெருவுல ஒருத்தரையும் பாக்கி விடாம சொல்லி வச்சிருக்கா."

"தெரியும்டா."

"என்னையும் மாத்திரை போடாம இருக்க வச்சீங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். உன் கால்ல இருக்கே, அது ஏணிக்கால் இல்லையாம். கொழுப்பாம். பெரியப்பா அதுலதான் போயிருக்காரு. நீ இன்னைக்கே ஆரம்பிக்கணுமாம். டாக்டரம்மாவைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

மகன் குனிந்து தன் குதிகாலைத் தொட்டுப் பார்த்தான். புதிதாகப் பார்ப்பதுபோல நிறைய நேரம் பார்த்தான்.

"காலையிலயே ஏன்பா சொல்லல? நான் இங்கதானே உட்கார்ந்திருந்தேன்."

"காலையில நீ சாப்பிட்டுட்டு இருந்த."

"அதனால?"

"நல்லா சாப்பிட்ட. பேசிட்டே சாப்பிட்ட." லிப்ட்காரர் டப்பாவின் மூடியை எடுத்து மூடினார், திறந்தார், மூடினார். "சொன்னா எழுந்து போயிடுவியேன்னு இருந்துச்சு."

மகன் பையிலிருந்து தன் அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினான். வாயில் போட்டு அவர் டம்ளர் தண்ணீரையே எடுத்துக் குடித்தான். டப்பாவிலிருந்து இன்னொன்றைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"முழுங்குங்க. நான் பார்க்கணும்."

விழுங்கினார்.

"நாக்கைத் தூக்குங்க."

அறுபத்தெட்டு வயசு ஆள் மகனுக்கு முன்னால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

மகன் எழுந்தான். தன் தட்டை அப்படியே கையில் எடுத்துக்கொண்டான். பழ வட்டம் குலையாமல் இருந்தது.

"அவகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன். இறங்கி வர்றேன்."

"வேண்டாம். கையில ஊசி வச்சிட்டு உட்கார்ந்திருக்கா. நானே சொல்றேன்."

போய்விட்டான். லிப்ட்காரர் தன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எதிரே காலி ஸ்டூல். ஸ்டூல் இல்லாதபோது இத்தனை காலியாக இருந்ததில்லை அந்த அறை.

கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. ஒரு பேச்சுச் சத்தமும் கேட்கவில்லை. சத்தம் போட்டால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. மறுபடி மிஷின் ஓடியது, கோபமாக, ஒரே மூச்சாக. திரும்பவும் நின்றது.

மணி அடித்தது.

சுவரோரம் ஓடிப் போய் எட்டிப் பார்த்தார். சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் மருமகளின் தலை மட்டும் தெரிந்தது. அவள் மேலே பார்க்கவில்லை.

"மாமா."

"சொல்லும்மா."

"குட்டிக்கும் இருக்குமா?"

அவர் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் வாயோடு போயிற்று. அவள் அதைக் கேட்கவே இல்லை.

"பாதிக்குப் பாதின்னு சொன்னாங்க. பார்த்தாத்தான் தெரியும்மா."

"பாதிக்குப் பாதி," என்றாள் அவள், துணி அளவைச் சொல்லிப் பார்ப்பதுபோல. "காலையில பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க. அங்க சொன்னதை என் முன்னாடி ஒரு தடவை சொல்லுங்க. இனிமே உங்க வாயால கேட்டா எனக்குப் பத்தாது. டாக்டரம்மா பக்கத்துல இருக்கணும்."

"வர்றேம்மா."

"சமையல் எழுதிட்டுப் போனாளே, அவ வீட்டுக்கும் நீங்கதான் போய்ச் சொல்லணும்."

"சொல்றேன்."

உள்ளே குட்டி எதற்கோ சிரித்த சத்தம் கேட்டது. தட்டுகள் வைக்கிற சத்தமும் கேட்டது. மூன்று தட்டா, நாலு தட்டா என்று அவரால் எண்ண முடியவில்லை.

"நாளையிலேருந்து மேல சாப்பாடு வராது மாமா. ஒரே அடுப்புதான்."

கீழே வாங்க என்ற வார்த்தைக்காக அவர் காத்துக்கொண்டு நின்றார். அது அவள் சொன்னதிலேயே அடங்கிவிட்டதா, வேண்டுமென்றே விட்டுவிட்டாளா என்று அந்த உயரத்திலிருந்து தெரியவில்லை.

அவள் கையை நீட்டி, கூடையைப் பிடித்து வைத்திருந்த ஜன்னல் கொக்கியை விடுவித்தாள். ஜன்னலைச் சாத்தினாள்.

ஒரு தட்டுக்கென்று எடை கட்டிய கூடை அது. தட்டு இல்லையென்றால் யாரும் இழுக்க வேண்டாம். சுவரில் உரசிக்கொண்டு தானாக ஏறி வந்தது. லிப்ட்காரரின் கை எட்டுகிற இடத்தில், காலியாக, ஆடிக்கொண்டு நின்றது.